பழைய ஆர்பிஜி பெட்டிகள்: எதை வைத்துக்கொள்வது, எப்படித் திரும்ப ஆடுவது?

வரைபடத்தாள் (செங்காங்)

வணக்கம். பிடோக்கில் அப்பா அம்மா இருந்த வீட்டை விற்கிறோம். அங்கே சாமான் அறையில் என்னுடைய பழைய கம்ப்யூட்டர் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம்) பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. சாவியைக் கொடுப்பதற்குள் எடுத்தாக வேண்டும். என் வீட்டில் பாம் ஷெல்டரை (வீட்டுப் பதுங்கறையை) விட்டால் வேறு இடமில்லை. அதிலும் பாதியைப் பிள்ளைகளின் சைக்கிளும் தீபாவளி அலங்காரச் சாமானும் பிடித்துக்கொண்டுவிட்டன.

இருப்பவை: அல்டிமா 4, அல்டிமா 7, புல் ஆஃப் ரேடியன்ஸ், அதன் அடுத்த பாகமான கர்ஸ் ஆஃப் தி அஷூர் பாண்ட்ஸ், மைட் அண்ட் மேஜிக் 4, 5, ஃபால்அவுட் முதல் பாகம், பால்டர்ஸ் கேட் இரண்டு பாகங்கள், பிளேன்ஸ்கேப் டார்மென்ட்.

"எல்லாம்தான் ஜிஓஜி இணையக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறதே, பெட்டிகளைக் கேரோசல் விற்பனைத் தளத்தில் போட்டுவிடு" என்கிறார் மைத்துனர். அவர் கணக்கு சரிதான். ஆனால் விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனமில்லை. ஆடுவதற்காக வாங்கியவை, இனியும் ஆட வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்தக் காலத்து ஆர்பிஜியில் பாதி திரையில் நடந்தது. மீதி, பெட்டிக்குள் வந்த தாளிலும் நம் கையில் இருந்த பென்சிலிலும் நடந்தது. திரையில் ஓடிய பாதிக்கு இன்று குறையில்லை. மற்ற பாதிதான் கைவிட்டுப் போகிறது.

கேட்க வந்தது இதுதான். எந்தப் பெட்டியை வைத்துக்கொள்வீர்கள்? திரும்ப ஆடும்போது தானாக மேப் போடும் துணைநிரல், வாக்த்ரூ (படிப்படியாக விடை சொல்லும் வழிகாட்டி) எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வீர்களா, இல்லை அன்று ஆடியபடியே ஆடுவீர்களா?

இன்னொன்றும் உண்டு. புல் ஆஃப் ரேடியன்ஸ் பெட்டிக்குள் நான் பள்ளிக்கூட நாளில் வளர்த்த ஆறு பேர் குழுவின் சேவ் பிளாப்பி இருக்கிறது. அந்த வரிசையில் ஒரு பாகத்தில் வளர்த்த குழுவை அடுத்த பாகத்துக்கு அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். கர்ஸ் எனக்குக் கிடைப்பதற்குள் வீட்டில் கம்ப்யூட்டர் மாறிவிட்டது. அந்த ஆறு பேரையும் கர்ஸுக்குள் கொண்டுபோக ஆசை. 5.25 அங்குல பிளாப்பி. வழி இருக்கிறதா?

---

ஈரப்பதம்45 (தெம்பனிஸ்)

முதல் வேலையாக ஒன்று சொல்கிறேன். அந்த பிளாப்பியை எந்த டிரைவிலும் போட்டுப் பார்க்காதீர்கள். இங்கே சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மூடிய அறையில் வைத்திருந்த பிளாப்பியில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். உறையின் நீள்துளை வழியாக வெளிச்சத்தில் பாருங்கள், நடு வட்டத்தை விரலால் மெல்லத் திருப்பிக்கொண்டே. வெள்ளைப் புள்ளியோ மங்கலான படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்த நிலையில் டிரைவில் போட்டால் தட்டில் கீறல் விழும், டிரைவின் ஹெட்டும் அழுக்காகி அடுத்து போடும் பிளாப்பியையும் கெடுக்கும்.

பாம் ஷெல்டரில் வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். கனமான கதவு, காற்றோட்டம் குறைவு, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) ஒன்று வாங்கி 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். பெட்டி அட்டை முழுசாக உள்ளே போகாது, தேவையும் இல்லை. பிளாப்பி, கையேடு, துணி மேப், இவை போனால் போதும்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டி ஏதாவது இருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை. அந்த உறை ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே போகும். மூலைகள் நசுங்கி அட்டை வளைந்துவிடும். 'பிரிக்காதது' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

---

சுங்கைரோடு (தோ பாயோ)

வரைபடத்தாள் தம்பி, விற்காதீர்கள். பிறகு தேடினால் கிடைக்காது. சுங்கை ரோடு சந்தை இருந்தவரை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் விரித்த துணியில், கையேட்டோடு சேர்த்து ஒரு கேம் கண்ணில் படும். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அதுவும் மூடியாகிவிட்டது. கம்ப்யூட்டர் கடைகள் இருந்த புனான் கடைத்தொகுதியும் 2016-ல் மூடி மூன்று வருடம் கழித்து வேறு முகத்தோடு திறந்தது. இப்போது இருப்பது கேரோசல் மட்டுமே, அதில் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நான் ஆடத் தொடங்கிய காலத்தில் ஒரிஜினல் பெட்டி என்பது பணக்கார வீட்டுப் பையன் கையில் இருப்பது. எங்களுக்கு நகல் பிளாப்பிதான். கையேட்டுக்கு ஃபோட்டோகாப்பி. புல் ஆஃப் ரேடியன்ஸில் குறியீட்டுச் சக்கரம் ஒன்று வரும், கேம் கேட்பதற்கு இரண்டு வட்ட அட்டைகளைச் சுழற்றிப் பார்த்து விடை தட்ட வேண்டும். அதையும் ஃபோட்டோகாப்பி எடுத்து, வெட்டி, நடுவில் ஊசி குத்தி வைத்துக்கொள்வோம். தாள் இல்லாமல் கேம் ஓடாது என்பது எங்களுக்கு அப்போதே தெரியும்.

ஆகவே தாளுக்காகப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்காக வேண்டாம்.

அல்டிமா 4 கட்டாயம் இருக்க வேண்டும். 1985-ல் ரிச்சர்ட் கேரியட் செய்தது. ஒழிக்க வேண்டிய பெரிய வில்லன் என்று ஒருவன் அதில் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டு அறங்களில் நீங்கள் தேற வேண்டும், கதையே அவ்வளவுதான். மூலிகை விற்கும் கடைக்குப் போவீர்கள். கடைக்காரருக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு, எத்தனை பொன் வைக்கிறாய் என்று கேட்பார். எண்ணை நீங்கள்தான் தட்ட வேண்டும். குறைத்து வைத்தாலும் மூலிகை கையில் வந்துவிடும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் கேம் உள்ளுக்குள் கணக்கு எழுதிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் போய் நேர்மையில் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், பதில் முகத்தில் அறையும். அன்று எனக்கு வயது பதினைந்துகூட இல்லை. ஒரு கம்ப்யூட்டர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது.

அந்த மூலிகைகளை எந்த மந்திரத்துக்கு எப்படிக் கலப்பது என்பது திரையில் இல்லை, பெட்டியோடு வந்த மந்திர நூலில் இருக்கிறது. துணி மேப்பில் ஊர்ப் பெயர்கள் பழைய ரூன் எழுத்தில் இருக்கும், அதைப் படிக்கவும் கையேடு வேண்டும். ஜிஓஜியில் இந்தக் கேம் இலவசம். ஆனால் கையேட்டின் பிடிஎஃப்பைத் திறக்காமல் நேரே ஆட உட்கார்ந்துவிட்டு, "ஒன்றும் புரியவில்லை, போர்" என்று எழுதுகிறார்கள். புரியாதுதான்.

---

மூன்றாம்வாசல் (ஈசூன்)

இந்த இழையில் வயதில் சின்னவன் நான்தான் என்று நினைக்கிறேன். 2023-ல் பால்டர்ஸ் கேட் 3 ஆடித்தான் இந்தப் பக்கமே வந்தேன். அது முடிந்த ஏக்கத்தில் முதல் பாகத்தின் மேம்பட்ட பதிப்பை வாங்கினேன். உண்மையாகவே பிடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஆடினேன்.

முதல் நிலையில் மந்திரவாதியால் ஒரு மந்திரம் போட முடிகிறது, அப்புறம் தூங்கி எழ வேண்டும். ஒரு ஓநாய் வந்தால் கதை முடிந்தது. கவசத்தின் எண் குறையக் குறைய நல்லதாம், தாக்கோ என்ற எண்ணும் அப்படியேதானாம். மூன்றாம் பாகத்தில் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது, எளிதாகப் புரிந்தது.

அண்ணன்மார்கள் சொல்லுங்கள். இந்தக் கஷ்டத்தில் ஏதோ இருக்கிறது என்று நம்புகிறீர்களா, இல்லை சின்ன வயதில் ஆடியதால் வந்த பாசமா? கிண்டலாகக் கேட்கவில்லை. நேரமும் மனதும் போட்டு ஆடத் தயாராக இருக்கிறேன், எதற்காக என்று தெரிந்தால் போதும்.

---

ஜூரோங்வாசகி (ஜூரோங் வெஸ்ட்)

> இந்தக் கஷ்டத்தில் ஏதோ இருக்கிறது என்று நம்புகிறீர்களா

தம்பி, எல்லாக் கஷ்டத்திலும் இல்லை. சிலதில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னது பால்டர்ஸ் கேட் 1998-ல் வந்தபோது நடைமுறையில் இருந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதி. மூன்றாம் பாகம் ஐந்தாம் பதிப்பு. தாக்கோவில் ரகசியம் எதுவும் இல்லை. எதிரியின் கவச எண்ணைத் தாக்கோவிலிருந்து கழித்தால் வருவது இருபது முகப் பகடையில் உங்களுக்கு விழ வேண்டிய எண். ஒரு தடவை தாளில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

முதல் சில மணி நேரத்துக்கு வழி சொல்கிறேன். இமோயன் என்பவள் உங்கள் குழுவில் சேரும்போதே அவளிடம் ஒரு மந்திரக்கோல் இருக்கும், அதைச் சேமிக்காமல் பயன்படுத்துங்கள். எல்லோர் கையிலும் வில்லோ கவணோ கொடுங்கள், கைகலப்பு வேண்டாம். உங்கள் மந்திரவாதி கற்றுக்கொள்ள வேண்டியது தூக்க மந்திரம். ஆரம்பத்தில் அதைவிடப் பலமான ஆயுதம் கிடையாது, கூட்டத்தோடு சாய்த்துவிடும். ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிப் படியில் ஒருவன் உங்களைத் தேடிக்கொண்டு நிற்பான். அவனிடம் பேசுவதற்கு முன் சேவ் செய்யுங்கள். உள்ளே கலித், ஜஹெய்ரா என்ற இருவரும் உங்களோடு சேர்ந்துவிட்டால் ஓநாய் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

பிறகுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில் தெரியும். மூன்றாம் பாகத்தில் எல்லா இடத்திலும் கதை உங்களைத் தேடி வரும். முதல் பாகத்தில் காடு காடாகக் கிடக்கும், பல இடத்தில் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமே இல்லாத காட்டைத் தாண்டி நகரத்தின் பாலத்தை முதலில் பார்க்கும்போது ஊரைப் பார்த்த நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காக நான் இன்றும் அதை ஆடுகிறேன்.

பாசம் என்று கேட்டீர்கள். அதற்கும் எனக்குப் பதில் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் என் பக்கத்து இருக்கைத் தோழி சீனப் பெண். அவள் வீட்டில் தைவானின் சாஃப்ட்ஸ்டார் 1995-ல் டாஸில் (அன்றைய கம்ப்யூட்டர் இயங்குதளம்) கொண்டுவந்த சியான் ஜியான் ஆர்பிஜி இருந்தது. முழுக்கச் சீனம், எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அவள் வசனத்தை வாய்விட்டுப் படித்து பாதி ஆங்கிலத்தில் சொல்லுவாள், சண்டை வந்தால் கீபோர்டு என் பக்கம் வரும். நடுவில் கதாநாயகியரில் ஒருத்தி இறந்துபோவாள். அந்த இடத்தில் அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள், என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லவே முடியவில்லை. இந்த ஊரில் வளர்ந்தவர்கள் பழைய ஆர்பிஜி பட்டியல் போடும்போது அமெரிக்கக் கேம்களை மட்டும் எழுதினால் பாதிக் கதையைத்தான் எழுதுகிறோம். வரைபடத்தாள், உங்கள் அலமாரியில் அதற்கும் ஓர் இடம் வையுங்கள்.

மேப் பற்றிய கேள்விக்கு: நான் தானாக மேப் போடும் வசதியைப் பயன்படுத்துவேன். வேலை, வீடு, பிள்ளைகள் என்று எல்லாம் முடிந்து இரவு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அதில் பாதியைக் கட்டம் போடுவதில் செலவழிக்க மாட்டேன்.

---

வரைபடத்தாள்

ஜூரோங்வாசகி, சியான் ஜியான் பற்றி எழுதியதற்கு நன்றி. என் வகுப்பிலும் ஒரு கூட்டம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும், நான்தான் போய் உட்காரவில்லை.

மேப் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, கேம் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். 1981-ல் வந்த விசார்ட்ரி முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தளம், ஒவ்வொன்றும் 20-க்கு 20 கட்டம். திரையில் தெரிவது சுவர்க் கோடுகள் மட்டும். ஓர் ஓரத்தில் வெளியே போனால் எதிர் ஓரத்தில் வருவீர்கள். சில கட்டத்தில் கால் வைத்தால் உங்களைச் சுழற்றி வேறு திசையில் நிறுத்திவிடும், சொல்லவும் சொல்லாது. கிராஃப் தாளில் வரைந்துகொண்டே வருவீர்கள், திடீரென்று இருக்கக் கூடாத இடத்தில் சுவர் இருக்கும். ரப்பரை எடுத்து, கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த கட்டம் வரை அழித்து, எங்கே சுழன்றோம் என்று பின்னோக்கி யோசிப்பீர்கள். அங்கே அரக்கன் என்பது அந்த நிலவறைதான், அதை வெல்லும் ஆயுதம் பென்சில். தானாக மேப் வந்துவிட்டால் அந்தக் கட்டத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

மைட் அண்ட் மேஜிக் 4, 5 அப்படி இல்லை. குழுவில் ஒருவர் மேப் வரையும் கலையைக் கற்றிருந்தால் கேமே வரைந்துகொடுக்கும். செய்தவர்களே அந்த உதவியைக் கதைக்குள் வைத்துவிட்டார்கள், அதை மறுத்து நான் தாளில் வரைவது வீம்பு. இன்னொரு அருமையும் அதில் உண்டு. நான்காம் பாகம் 1992, ஐந்தாம் பாகம் 1993. தனித்தனிப் பெட்டி. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரே உலகமாகிவிடும். தட்டையான உலகம், மேல்பக்கம் ஒரு கேம், அடிப்பக்கம் இன்னொன்று. இரண்டும் இருந்தால்தான் கிடைக்கிற முடிவும் தனியாக இருக்கிறது.

புல் ஆஃப் ரேடியன்ஸ் (1988) இன்னொரு வகை. பிளாப்பியில் இடம் போதாததால் கதையின் நீளமான பகுதிகளை ஜர்னல் புத்தகத்தில் எண் போட்டு அச்சடித்தார்கள். திரை எண்ணைச் சொல்லும், நீங்கள் புத்தகத்தைப் புரட்டிப் படிக்க வேண்டும். அதில் பொய்யான பத்திகளும் கலந்திருக்கும், முன்கூட்டிப் படிக்கிறவர்களை ஏமாற்ற. மதுக்கடை வதந்திகளிலும் அப்படித்தான். எந்த எண்ணைக் கேம் கேட்டது என்று ஓரத்தில் டிக் போட்டு வைத்தால்தான் எது உண்மை என்று நிற்கும். என் ஜர்னலில் அந்த டிக்குகள் எல்லாம் பென்சிலில் இருக்கின்றன. சேகரிப்பவர் கண்ணுக்கு அது குறை, விலை குறையும். எனக்கு அந்தப் பிரதிதான் வேண்டும்.

---

ஈரப்பதம்45

> சேகரிப்பவர் கண்ணுக்கு அது குறை

நானும் சேகரிப்பவன்தான், பென்சில் குறிப்பு இருக்கும் பிரதியைத் தேடி வாங்குவேன். யாரோ ஒருவர் எந்தத் திருப்பத்தில் திணறினார் என்று ஓரத்தில் தெரிகிறது. எல்லாச் சேகரிப்பாளரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அப்புறம் "திரையில் ஓடிய பாதிக்கு இன்று குறையில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதை அவ்வளவு உறுதியாக நம்பாதீர்கள். ஐஸ்விண்ட் டேல் 2 என்ற ஆர்பிஜியின் மூல நிரல் கிடைக்காததால்தான் அதற்கு மேம்பட்ட பதிப்பு வரவில்லை. ஃபால்அவுட்டைத் தொடங்கியவர் டிம் கெய்ன். அதை வெளியிட்ட இன்டர்பிளே நிறுவனத்தை விட்டுப் போகும்போது தான் சேர்த்து வைத்திருந்த வேலைப்பாடுகளை அழிக்கும்படி சொன்னார்கள் என்று அவரே 2025-ல் பேசினார். நல்ல வேளையாக, இன்டர்பிளேயைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரெபெக்கா ஹைனமன், முதலிரண்டு பாகங்களின் மூல நிரலும் தன்னிடம் பத்திரமாக இருப்பதாக அதன் பிறகு சொன்னார். ஒருவருடைய அக்கறையில்தான் அது தப்பியது. ஜிஓஜியில் இன்று இருப்பது உரிமம் உள்ளவரை இருக்கும். பெட்டி நம் கையில் இருக்கும்.

---

386சாமி (புக்கிட் பாத்தோக்)

வரைபடத்தாள், உங்கள் பிளாப்பிக்கு வழி இருக்கிறது. கிரீஸ்வீசல் என்று ஒரு சின்னச் சர்க்யூட் பலகை. ஒரு பக்கம் பழைய 5.25 டிரைவ், மறு பக்கம் யுஎஸ்பி. கோப்பு கோப்பாகப் படிக்காமல் தட்டில் உள்ள காந்த மாற்றத்தையே அப்படியே பதிவு செய்யும், பிறகு மென்பொருளில் பிரித்துப் பார்க்கலாம். ஒரு தடம் சரியாக வரவில்லை என்றால் பலமுறை படிக்க வைத்து நல்லதை எடுத்துக்கொள்ளும். கடையில் விற்கும் யுஎஸ்பி பிளாப்பி டிரைவை வாங்கிவிடாதீர்கள், அவை 3.5 அங்குலத்துக்கு மட்டும். 5.25 டிரைவுக்குத் தனியாக 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும்.

படிப்பதற்கு முன், பக்கத்தில் இருக்கும் சதுர வெட்டின் மேல் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், எழுத முடியாமல் போய்விடும். பூஞ்சை இருந்தால் உறையின் மேல் விளிம்பைக் கவனமாகத் திறந்து, தட்டை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சுத்தமான வேறொரு உறையில் போட்டுப் படிக்க வேண்டும். பழக்கமில்லாமல் செய்தால் தட்டு மடங்கிவிடும். என்னிடம் எல்லாம் இருக்கிறது, கொண்டுவாருங்கள், சேர்ந்து செய்யலாம்.

ஆடுவது எதில் என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டரில் ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் மதர்போர்டில் உள்ள உருளை வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பாருங்கள். 386, 486 பலகைகளை இங்கே கொன்றது பெரும்பாலும் அதுதான். கசிந்து செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பழைய மெஷின் இல்லாதவர்களுக்கு, இன்றைய கம்ப்யூட்டரில் டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும், ஒரே ஒரு அமைப்பை மட்டும் மறக்காதீர்கள். அந்தக் கேம்களின் படம் 320-க்கு 200. அன்றைய மானிட்டர் அதை 4-க்கு 3 திரை முழுக்க நீட்டிக் காட்டியது, அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிடக் கொஞ்சம் உயரம். ஓவியர்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள். இன்றைய திரையில் அந்தத் திருத்தத்தைப் போடாவிட்டால் எல்லா முகமும் தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி தட்டையாக இருக்கும்.

அல்டிமா 7-ஐ மட்டும், அதை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் எக்ஸல்ட் என்ற மென்பொருளில் ஆடுங்கள். 1992-ல் அந்தக் கேமை ஓட வைப்பதே தனிச் சாதனை. நினைவகத்தைத் தனக்கென்று ஒரு முறையில் எடுத்துக்கொள்ளும், வழக்கமான நினைவக மேலாளர் ஏறியிருந்தால் ஓடாது. அதற்கென்று கம்ப்யூட்டரைத் தொடங்கும் தனி பூட் பிளாப்பி போட்டு வைத்திருப்போம். எக்ஸல்ட்டில் அந்தத் தலைவலி இல்லை. ஆனால் உங்கள் பெட்டியில் உள்ள கோப்புகள் அதற்கு வேண்டும், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆடும்போது கதையை விட்டுவிட்டு ஒரு முறையாவது ரொட்டி சுடுங்கள். மாவை மேசையில் கொட்டி, வாளித் தண்ணீரைக் காட்டி, பிசைந்ததை அடுப்பில் வைத்தால் ரொட்டி வரும். ஒரு தேவையும் இல்லாத காரியம். அந்த உலகத்தில் அப்படியும் இருந்தது.

---

சுங்கைரோடு

> வழக்கமான நினைவக மேலாளர் ஏறியிருந்தால் ஓடாது

அந்த பூட் பிளாப்பியைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று இருந்தேன். நன்றி சாமி.

அல்டிமா 7-க்கும் கையேடு வேண்டும், மறந்துவிடாதீர்கள். டிரின்சிக் ஊரை விட்டு வெளியே போக விடாமல் மேயர் கேள்வி கேட்பார், விடை கையேட்டிலும் துணி மேப்பிலும் இருக்கிறது.

---

மூன்றாம்வாசல்

ஜூரோங்வாசகி அக்கா, தூக்க மந்திரம்! நாஷ்கெல் சுரங்கத்துக்குப் போகும் வழியில் எட்டு கோபோல்டுகள் (சின்ன அரக்கர்கள்) ஒரே நேரத்தில் சாய்ந்தன. நகரப் பாலத்துக்கு இன்னும் போகவில்லை. தாக்கோவை உங்கள் சொல்படி ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், அந்தத் தாள் இப்போது மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

இன்னொரு சந்தேகம். ஒரிஜினல் பெட்டி வாங்க என்னிடம் பணமில்லை. பிடிஎஃப் கையேட்டை டேப்லெட்டில் வைத்து ஆடினால் வரைபடத்தாள் அண்ணன் சொல்லும் அந்த மற்றப் பாதி கிடைக்குமா?

---

வரைபடத்தாள்

தாராளமாகக் கிடைக்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள். டேப்லெட்டில் வேண்டாம், அச்சுக் கடையில் கொடுத்து சுருள் கம்பி போட்டுத் தைத்து வாங்குங்கள். ஓரத்தில் எழுத வேண்டும், அதற்காகத்தான். ஃபால்அவுட்டின் கையேடே அப்படிச் சுருள் கம்பி போட்டுத்தான் வந்தது, பதுங்குகுழியில் கொடுத்த கைப்புத்தகம் மாதிரி, கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்போடு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினால், கதையில் பதுங்குகுழியின் தண்ணீர்க் கருவிக்கு வேண்டிய சில்லைத் தேடக் கொடுத்த 150 நாள் கெடு உங்கள் மேசைக்கே வந்துவிடும்.

வாக்த்ரூ பற்றி யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். மாட்டிக்கொண்டால் பாருங்கள், ஆனால் அன்றிரவே பார்க்காதீர்கள். தூங்கி எழுந்து, எம்ஆர்டி ரயிலில் போகும்போது, எதிர்பாராமல் விடை வரும். அந்த இன்பத்துக்கு ஓர் இரவாவது கொடுக்க வேண்டும்.

---

ஜூரோங்வாசகி

அந்த விதியை நானும் ஏற்றுக்கொள்கிறேன். விசார்ட்ரி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 2024-ல் வந்த மறு ஆக்கத்தை எடுத்தேன். திரையின் ஓரத்தில் பழைய ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் படமும் சேர்ந்து ஓடுகிறது, அழகு. முதல் தளத்தை மட்டும் மகளின் கணக்குக் கிராஃப் தாளில் வரைந்தேன். மகள் அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை, இரண்டாம் தளத்தை அவள் வரையப் போகிறாளாம். மற்ற கேம்களில் என் கருத்து மாறவில்லை, மேப் தானாகவே வரட்டும்.

---

வரைபடத்தாள்

386சாமி வீட்டுக்குப் போய்வந்தேன். தட்டில் இரண்டு இடத்தில் பூஞ்சை. அவர் உறையைத் திறந்து துடைத்த பக்குவத்தைப் பார்த்தால் கண் மருத்துவர் என்றே சொல்வீர்கள். பெரும்பாலான தடங்கள் முதல் தடவையே வந்தன. ஆறு பேரில் ஐந்து பேர் முழுசாகக் கிடைத்தார்கள், திருடனின் கோப்பு மட்டும் கெட்டுவிட்டது. டாஸ்பாக்ஸில் கர்ஸ் ஓட விட்டு, குழுவைச் சேர்க்கும் இடத்தில் அந்த ஐந்து பெயர்களும் வரிசையாக வந்ததைப் பார்த்தோம்.

பெட்டி விஷயமும் முடிவாகிவிட்டது. அல்டிமா இரண்டும், புல் ஆஃப் ரேடியன்ஸ், கர்ஸ், மைட் அண்ட் மேஜிக் ஜோடி, ஃபால்அவுட், இவை என்னோடு. தாளும் பிளாப்பியும் டிரை கேபினெட்டில், அட்டையைத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கு அடியில். பால்டர்ஸ் கேட் இரண்டும் மூன்றாம்வாசலுக்கு, விலை வேண்டாம், ஆடினால் போதும். முதல் பாகத்தில் ஐந்து சிடி, முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றிப் போடும் வேலை இருக்காது. பிளேன்ஸ்கேப்பை ஜூரோங்வாசகி எடுத்துக்கொள்வாரா? படிக்கப் பிடித்தவர் கையில் இருக்க வேண்டிய கேம் அது.

கர்ஸ் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி. திருடனுக்குப் பதில் புதிதாக ஒருவரை உருவாக்கினால், மற்ற ஐந்து பேரோடு ஈடுகொடுப்பாரா?

---

ஜூரோங்வாசகி

எடுத்துக்கொள்கிறேன், கொடுத்து வைத்தவள்.

---

சுங்கைரோடு

ஈடுகொடுப்பார். கர்ஸில் புதியவர் முதல் நிலையில் வரமாட்டார், ஓரளவு வளர்ந்தவராகவே வருவார், கவலை வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கதை தொடங்கும்போது டில்வர்டன் ஊர் விடுதியில் கண் விழிப்பீர்கள், எல்லோர் கையிலும் ஐந்து நீல முத்திரை, பழைய கவசம் ஆயுதம் எதுவும் இருக்காது. பிளாப்பி கெட்டுவிட்டதோ என்று சாமிக்கு ஃபோன் போடாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். வெளியே வந்ததும் ஆயுதக் கடைதான் முதல் வேலை. முகாம் போட்டால் ஃபிக்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கும், காயத்தை எல்லாம் ஒரே அழுத்தில் ஆற்றிவிடும். புல் ஆஃப் ரேடியன்ஸில் ஒவ்வொருவராகக் குணப்படுத்திக்கொண்டிருந்தோமே, அந்த வேலை இனி இல்லை.